தெனாகா 520

1
இந்தக் கதை ஒரு முறுக்குப் பொட்டலத்தின் பின்பக்கத்தில் கிடைத்தது. முறுக்கு தீர்ந்த பிறகுதான் திருப்பிப் பார்த்தேன். எல்லோரும் அப்போதுதான் பார்க்கிறோம்.

முதல் வரி: 'மாசாயின் அதிகாலைப் பனியில் காளியம்மா...' (அடித்துவிட்டேன். வெயில் கொளுத்தும் மலேசியாவில், மாசாயில் ஏது பனி?)

2
காளியம்மா மாசாயில் வீட்டிலேயே முறுக்கு பிழிந்து விற்பவர். பக்கத்துத் தொழிற்சாலைக் கேண்டீனில் தன் முறுக்கு இடம்பிடிக்க வேண்டும் என்பது மூன்று வருட ஆசை. கேண்டீன் நடத்தும் மைமூன் ஒருவழியாகச் சம்மதித்தார்.

"லேபல் ஒட்டிக் கொண்டாங்கக்கா. கலோரி இருக்கணும். திங்கக்கிழம கடைசி."

ஆய்வகத்துக்கு அனுப்பிய முறுக்கின் பரிசோதனைத் தாள் மலாயில் வந்தது: 'தெனாகா, 100 கிராமுக்கு 520'.

[தெனாகா என்றால் மலாயில் சக்தி, தெம்பு. லேபலில் வந்தால் கலோரிக் கணக்கு. காளியம்மாவுக்கு முதல் பொருள் மட்டுமே தெரியும்.]

கடையில் விற்கும் வேறொரு முறுக்கில் 'தெனாகா 156' என்றிருந்தது.

"பாத்தீங்களா? அவங்க முறுக்குல தெம்பே இல்ல!" என்றார் கணவர் ஜெயபாலனிடம்.

"அதான்லா. நம்மளுத சாப்ட்டா மோட்டர்சைக்கிளயே தூக்கலாம்."

520-ஐச் சிவப்பில், பெரிதாக அச்சடிக்க முடிவாயிற்று. ஜெயபாலனின் தங்கை ஷர்மினி, மருந்துக்கடையில் வேலை செய்பவள், மாதிரியைப் பார்த்தாள்.

"அலமாக்! அண்ணி, இது கொழுக்க வைக்கிற நம்பரு!"

3
இங்கே நிறுத்தி விளக்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. காளியம்மா சொன்னது முழுத் தப்பில்லை, கலோரி சக்திதான். செலவழியாத சக்தி இடுப்பில் குடியேறிவிடும், அவ்வளவே. அந்த 156? அது முப்பது கிராமுக்கு, அதாவது இரண்டு முறுக்குக்கு. நூறு கிராமுக்குக் கணக்கிட்டால் அதுவும் 520. 'ஒரு வேளை' எவ்வளவு என்று தீர்மானிப்பவரே எண்ணையும் தீர்மானிக்கிறார். என்ன அழகான ஏற்பாடு!

"நீங்களும் ஒரு வேளைக்கு ரெண்டுன்னு போடுங்கண்ணி."

"ரெண்டோட யாருடி நிறுத்துறா?"

இருவரும் ஜெயபாலனைப் பார்த்தார்கள்.

"என்ன பாக்குறீங்க? ஒண்ணுதான் எடுத்தேன்."

"ஒரு முறுக்கா?"

"ஒரு பாக்கெட்டு."

இருநூறு கிராம். 1040.

(ஜெயபாலன் கதைக்குத் தேவையா என்று நீக்கிப் பார்த்தேன். முறுக்கு மிஞ்சியது, கதை மிஞ்சவில்லை.)

4
முடிவு அ: இரண்டு முறுக்கு, 156 என்று போடுகிறார். கேண்டீனில் அமோக விற்பனை. ஒருவரும் இரண்டோடு நிறுத்துவதில்லை.

முடிவு ஆ: பொட்டலத்துக்கு 1040 என்று உண்மையைப் போடுகிறார். எல்லோரும் பயந்து, பக்கத்திலிருக்கும் 156-ஐ எடுத்து, முழுப் பொட்டலத்தையும் காலிசெய்கிறார்கள்.

முடிவு இ: காளியம்மா பெருமூச்சு விட்டு... (அவர் பெருமூச்சு விடுகிற ஆளில்லை.)

இன்று ஞாயிறு. லேபலில் ஒரு கட்டம் மட்டும் காலி. எனக்குத் துணிச்சல் இல்லாததால் அவரை உங்கள் பக்கம் திருப்பிவிட்டேன்.

"நீங்க ஒரு தடவ உக்காந்தா எத்தன சாப்டுவீங்க? வெக்கப்படாம சொல்லுங்க, அதையே போட்டுர்றேன்."

பேனாவோடு காத்திருக்கிறார். குறைத்துச் சொல்லாதீர்கள்.

ஒரு வேளைக்கு: ______ முறுக்கு