சாயங்காலக் கறவை

பொன்னாத்தாள் நடந்து வந்தால் மாடு தலையைத் திருப்பிப் பார்க்கும். அவள் புருஷன் ஆறுச்சாமி நடந்து வந்தால் பார்க்காது. ஓய்வு பெற்றுக் கோவிந்தாபுரம் வந்த முதல் வாரத்திலேயே அவர் இதைக் கவனித்துவிட்டார்.

ஏலப்பாறையில் அவர் எஸ்டேட் பாக்டரியின் டீ மேக்கராக இருந்தவர். உருட்டிய இலையைத் தரையில் பரப்பி வைத்திருப்பார்கள். பச்சை வாசம் போய்ப் பழ வாசம் வரும் நேரம் ஒன்று உண்டு. அதைத் தாண்டினால் டீ கெட்டுப்போகும். அவர் குனிந்து ஒரு பிடி அள்ளி முகர்ந்து "ம்" என்று சொன்ன பிறகுதான் இலை சூட்டுக்குப் போகும். அதுவரை எல்லோரும் அவர் மூக்கையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். லீவில் ஊருக்கு வந்தால் வீட்டில் கோழி அடிப்பார்கள்.

இது எழுபத்துநாலாம் வருஷம். லீவு இனி முடியாது. கோழியும் நின்றுவிட்டது.

வாசலில் யாராவது கூப்பிட்டால் அவர்தான் முதலில் எழுந்து போவார்.

"பொன்னக்கா இருக்குதுங்களா மாமா?" என்பான் பக்கத்துத் தோட்டத்துக் குப்பண்ணன்.

"நான் இருக்கறேன். என்ன வேணும்?"

"கன்னுக்குட்டி கழியுதுங்க. அக்கா வரட்டும், கேட்டுக்கறேன்."

மகள்களைக் கட்டிக்கொடுத்த பிறகு பொன்னாத்தாள் தனியாக வளர்த்த மாடு அது. அந்தத் தெருவுக்கு வந்த முதல் சீமைப் பசு. அவளைப் பார்த்து மற்றவர்களும் வாங்கினார்கள். பால் சொசைட்டிக்குப் போய்வரும் வழியெல்லாம் பெண்களின் சிரிப்புச் சத்தம் கேட்கும். வாசலில் அவரைக் கண்டதும் சிரிப்பு நின்றுவிடும்.

சாயங்காலம் கறக்கும்போது அவள் மாட்டிடம் பேசுவாள். சொசைட்டியில் யார் என்ன சொன்னார்கள், எந்த மருமகள் கோபித்துக்கொண்டு போனாள், எல்லாமே. சுவருக்கு இந்தப் பக்கம் ஆறுச்சாமி பேப்பரைத் திருப்பாமல் உட்கார்ந்திருப்பார்.

"மாட்டுகிட்டப் பேசறதுல பாதி எங்கிட்டப் பேசுனா என்ன புள்ள?"

"மாடு நடுவுல புத்தி சொல்றதில்லீங்க."

பங்குனியில் பொள்ளாச்சியில் அவள் அண்ணன் பேத்திக்குக் காதுகுத்து. ஒரு ராத்திரி தங்க வேண்டும்.

"சுப்பாத்தா வந்து கறந்துக்குவா. நீங்க தண்ணி காட்டுனாப் போதும். மடியில கைய வெச்சுராதீங்க."

அந்தக் கடைசி வாக்கியம் அவருக்குள் தைத்தது. பஸ் போன பிறகும் தைத்தபடியே இருந்தது. சாயங்காலம் பக்கத்து வீட்டுச் சுப்பாத்தாள் பால் கறக்கும் போசியோடு வந்தபோது, "நானே பாத்துக்கறேன், நீ போ" என்றார்.

"மாமா, அது பொம்பளக் கைக்குத்தான் பால் விடும்."

"போம்மான்னா போ."

கன்றை ஊட்டவிட்டுப் பிடித்துக் கட்டினார். மடியைக் கழுவினார். கையை வைத்ததும் மாடு பாலை விடாமல் உள்ளே ஏத்திக்கொண்டது. காம்பு வெறும் தோலாகத் தொங்கியது. மறுபடி முயன்றபோது மாடு உதைத்துப் போசி உருண்டு சுவரில் மோதியது.

கறக்காமல் விட்டால் மடி கட்டிக்கொள்ளும். சுப்பாத்தாளைக் கூப்பிட்டால் நாளைக்குச் சொசைட்டி முழுக்க அதே பேச்சு. பொன்னாத்தாள் வந்ததும் ஒன்றும் சொல்ல மாட்டாள். சும்மா பார்ப்பாள். அதுதான் பெரிய கஷ்டம்.

மாடு கட்டும் கட்டுத்தறிக் கம்பியில் அவளுடைய கறவைச் சேலை தொங்கியது. கறக்கும்போது மட்டும் மேலே சுற்றிக்கொள்ளும் பழைய சேலை. அதை எடுத்துத் தலையில் போட்டுத் தோளைச் சுற்றி இழுத்துவிட்டார்.

பழக்கத்தில் மூக்கு வேலை செய்தது. சாணி. ஊறிய பருத்திக்கொட்டை. விறகுப்புகை. தேங்காயெண்ணெய். கடைசியாக அவளுடைய வியர்வை. ஆயிரம் பிடி இலையில் ஒரு பிடியைச் சொல்லத் தெரிந்தவருக்கு இந்த வாசம் புதிதாக இருந்தது. மாட்டுக்கு இது தினமும் தெரியும். அவர் மாட்டைப் பார்த்துப் பொறாமைப்பட்டார்.

அவளைப் போலப் பேசவும் வேண்டும். சொசைட்டி விஷயம் அவருக்குத் தெரியாது. தெரிந்ததைச் சொன்னார். மழைக்காலத்தில் இலை வாடாமல் ஈரமாகவே வருவதை. புதிதாக வந்த துரை டீயை முகர்ந்துவிட்டு மூக்கில் தூளோடு ஊரெல்லாம் சுற்றியதை. பனி இறங்கிய இரவுகளில் பாக்டரித் தரையில் தனியாக உட்கார்ந்து வாசத்துக்குக் காத்திருந்ததை.

மாட்டின் காது ஆடியது. காம்பு கனத்தது. பால் இறங்கிவிட்டது.

"அட! பொன்னக்கா, அதுக்குள்ள வந்துட்டீங்களா?" வேலிக்கு மேல் சுப்பாத்தாளின் தலை. அடுத்த நொடி அவள் வேலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "ஐயோ, மாமாவா! முக்காட நல்லா இழுத்துப் போடுங்க, மீசை தெரியுது!"

காலையிலும் சேலையைச் சுற்றிக்கொண்டு, அதே கதைகளைச் சொல்லி அவரே கறந்தார். சொசைட்டியில் பால் ஊற்றியபோது பெண்கள் விலகி வழிவிட்டு, "வாங்கக்கா" என்றார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அன்று சாயங்காலம் பொன்னாத்தாள் பஸ்ஸை விட்டு இறங்கிய இடத்திலேயே கதை அவளுக்குச் சொல்லப்பட்டிருந்தது. அவள் சிரிக்கவில்லை. நேராகக் கட்டுத்தறிக்குப் போய்ச் சேலையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தாள். ஆறுச்சாமி தண்ணீர் வாளியோடு பின்னால் வந்தார்.

மாடு தலையைத் திருப்பியது. அவளைத் தாண்டி அவரைப் பார்த்தது.

பொன்னாத்தாளின் கை நின்றது. மாட்டின் தொடையில் சுள்ளென்று ஒரு தட்டுத் தட்டினாள். "ரெண்டு வேளைல மாறிட்டயாடி?"

"அதுக்கென்ன தெரியும், பாவம்."

"என்னமோ கதை சொன்னீங்களாமா. சுப்பாத்தா வேலியோரமே நின்னு கேட்டாளாம். தொரை மூக்குல தூளோட சுத்துனாராமா."

"அது பழசு."

"எனக்குப் பழசில்லீங்க." அவள் திரும்பவில்லை. "கட்டிட்டு வந்த நாள்ல இருந்து கேக்கறேன், அங்க என்ன பண்றீங்கன்னு. டீ போடறேன்னு மட்டும்தான் சொல்லியிருக்கறீங்க. மாட்டுக்குச் சொல்லியாச்சு. சுப்பாத்தாளுக்கும் சொல்லியாச்சு."

அவர் வாளியை இறக்கி வைத்தார்.

கறந்து முடித்து எழுந்தவள் சேலையைச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டாள். "சாயங்காலக் கறவை இனி உங்களுது. சேலைய மட்டும் தொடக்கூடாது."

"சேலையில்லாம எப்படிப் பால் விடும்?"

"உங்க பாக்டரிக் காக்கிச் சட்டையக் கம்பியில போடறேன். அந்த வாசம் பழகட்டும். ஒரு வாரம் நானும் பக்கத்துல நிக்கறேன்." பால் போசியைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை போய் நின்றாள். "கதைய மொதல்ல இருந்து ஆரம்பிக்கோணும். சுப்பாத்தாளுக்குக் கேக்காம, மெதுவாச் சொல்லோணும்."