நாலு பேர்

பக்கத்து வீட்டில் வாங்கிய நாற்காலிகளும் தீர்ந்துபோய், அவள் சமையலறை முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கூடத்தில் அப்பா பெட்டிக்குள், வேலைக்குக் கிளம்புகிறவர் மாதிரி கழுத்துவரை பொத்தான் போட்டுப் படுத்திருந்தார்.

"யாருடி இவங்கல்லாம்? நம்ம சொந்தத்துல ஒரு மூஞ்சியக் காணோமே," என்றாள் அத்தை.

அவளுக்கும் தெரியவில்லை. பல்கலைக்கழகத்தில் மானிடவியலும் சமூகவியலும் படிக்கிறாள். போன மாதம் கட்டுரைக்காக அப்பாவைத்தான் பேட்டி கண்டாள். கஷ்டம் வந்தால் யாரிடம் போவீர்கள் என்று கேட்டதற்கு விரல் மடக்கி நாலு பேரைச் சொன்னார். நடுவில் அவரைப் புள்ளியாக வைத்து நாலு கோடு இழுத்தாள். 'உறவுகள் சுருங்கிய தனி மனிதர்' என்று எழுதி வகுப்பிலேயே அதிக மதிப்பெண்ணும் வாங்கினாள். படித்துக் காட்டியபோது அப்பா சிரித்தார்.

"நாலு பேர் போதும்மா. தூக்குறதுக்கு அவ்வளவுதானே வேணும்."

முக்காலியில் ஒரு பெண் உட்கார்ந்தாள்.

"அப்பாவ எப்படிங்க தெரியும்?"

"முகத்த இன்னைக்குத்தாம்மா பாக்குறேன். போன வருஷம் நிறைமாசமா லிப்ட்ல மாட்டிக்கிட்டேன். அவசர பட்டன அமுக்கினா இவர் குரல். ரெண்டு மணி நேரம், கதவு திறக்குற வரைக்கும் பேசிக்கிட்டே இருந்தார். இன்னைக்குக் காலைல எங்க லிப்ட்ல, இவர் போயிட்டார்னு நோட்டீஸ் ஒட்டியிருந்தாங்க."

"எங்கப்பாவா பேசினார்?" வீட்டில் உப்பு வேண்டுமென்றால்கூடக் கையைத்தான் நீட்டுவார்.

"உங்களப் பத்தித்தான் பேச்சே. எம்பொண்ணு மனுஷங்களப் பத்திப் படிக்கிறா, பெரிய படிப்புன்னார்."

அடுத்தவரைக் கேட்டாள், அதற்கடுத்தவரையும். எல்லாருக்கும் அதே பட்டன், அதே குரல். அப்பா லிப்ட் கம்பெனியின் போன் அறையில் பத்தொன்பது வருடம் உட்கார்ந்திருந்தவர். யாரிடம் போவீர்கள் என்று கேட்டாளே, உங்களிடம் யார் வருவார்கள் என்று கேட்டாளா? மடச்சி! தன்மேல் வந்த ஆத்திரத்தில்தான் முதன்முதலாக அழுகை வெடித்தது.

பெட்டி லிப்டுக்குள் கொள்ளாது. ஏழு மாடியும் படியில்தான் இறக்க வேண்டும். அப்பா சொன்ன நாலு பேர் தூக்கினார்கள்.

"குடுங்க, நான் பிடிக்கிறேன்," என்றார் படியில் நின்ற ஒருவர். அடுத்த திருப்பத்தில் இன்னும் நாலு பேர். மாடிக்கு மாடி தோள் மாறியது. யாரும் கூப்பிடவில்லை.

அவள் எண்ணிக்கொண்டே பின்னால் இறங்கினாள். வாசலுக்கு வந்தபோது நாற்பத்தொன்று. தெருவில் இன்னும் ஆட்கள் கைநீட்டி நின்றிருந்தார்கள்.