சாம்பசிவன் வீட்டு முதல் டிகாக்‌ஷன்

சாம்பசிவன் போட்டுக் கொடுத்த காபியை யார் குடித்தாலும் அவர்களுடைய சோர்வு கழன்று சாம்பசிவன் மேல் வந்து இறங்கியது. வலியசாலை அக்ரகாரத்தில் இது மலையாள மிதுன மாதத்தில், அதாவது ஆனியில், தொடங்கியது. அதே மாதம் தேங்காயெண்ணெய் விலை தாறுமாறாக ஏறிவிட்டதால் தெருவில் எல்லோரும் எண்ணெயைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். சோர்வு ஆள் மாறுவதைப் பற்றிப் பேச யாருக்கும் ஒழியவில்லை. சாம்பசிவன் அரசு அலுவலகம் ஒன்றில் செக்‌ஷன் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த வீட்டில் அவர் செய்த ஒரே வேலை காபி போடுவது. அதையும் அவர் வேலை என்று நினைத்ததில்லை, கைராசி என்று நினைத்திருந்தார். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் மனைவி பத்மஜாவை ஒருநாள்கூடக் காபி போட விட்டதில்லை என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவார். மற்ற எல்லாவற்றையும் செய்யவிட்டார் என்பதைச் சொல்லமாட்டார். மறைத்தார் என்று சொல்ல முடியாது, அது அவருக்குத் தோன்றியதே இல்லை.

எல்லாவற்றுக்கும் காபிக்கொட்டைதான் காரணம். ஓய்வு பெறும்வரை அவர் சாலை பஜாரில் ஒரு பழைய கடையில் பொடி வாங்கிக்கொண்டிருந்தார். கடைக்காரரின் பிள்ளைகள் துபாய்க்குப் போய்விட, அந்த இடத்தில் மொபைல் கவர் விற்கிறவன் வந்து உட்கார்ந்தான். அதன் பிறகு வாங்கிய பாக்கெட் பொடிகளிலெல்லாம் சிக்கரிதான் இறங்கியது. கொட்டையாக வாங்கி வீட்டிலேயே அரைப்பது என்று முடிவு செய்து, கையால் சுற்றுகிற அரைவை மிஷின் ஒன்றை வாங்கினார். ஆனால் ஊரோ சாயா குடிக்கிற ஊர். கவடியாரில் கண்ணாடிக் கதவு போட்ட காபிக் கடையில் ஷிஜா என்கிற பெண் ஒரு சின்னப் பாக்கெட்டை நீட்டி, “அங்கிள், இதில் பிளம்மின்றெ டேஸ்ட் உண்டு கேட்டோ” என்று அன்பாகத்தான் சொன்னாள். அந்த விலைக்கு வீட்டுக்கு அரை மாதம் பால் வாங்கலாம். காபிக்குள் பிளம் பழம் எதற்கு என்று கேட்க வந்ததை விழுங்கிக்கொண்டு திரும்பிவிட்டார். ஆன்லைனில் தருவித்த கொட்டை வறுத்து மூன்று மாதமாகியிருந்தது, அரைத்தால் உமி வாசனை அடித்தது. வயநாட்டிலிருந்து மைத்துனர் கொண்டுவந்தது பாதி கருகல், பாதி பச்சை. இப்படி இரண்டு வருஷம் பையும் கையுமாக அலைந்தார். பென்ஷன்காரருக்கு வேறென்ன வேலை என்று தெருவில் கேலி பேசினார்கள். அவர்கள் வீட்டுக் காபியைக் குடித்துப் பார்த்தவர் என்பதால் சாம்பசிவன் அதைப் பொருட்படுத்தவில்லை.

கடைசியில் கிடைத்தது ஆரியசாலையில். மொத்த வியாபாரக் கடைகளுக்கு நடுவே மைதீன் என்கிற கடையநல்லூர்க்காரர் மிளகாய் வற்றலும் மல்லியும் விற்றுக்கொண்டிருந்தார். பின்கட்டில் அவர் ஒரு பழைய டிரம் வைத்து வறுவலும் செய்தார். மல்லியும் நிலக்கடலையும் காபிக்கொட்டையும் வறுபட்டது அதே டிரம்மில்தான் என்பதால், சாம்பசிவன் முதல் தடவை வாங்கிப்போன கொட்டையில் காபி ரசம் மாதிரி இருந்தது. அவர் விடவில்லை. டிரம்மைக் கழுவிவிட்டுத் திங்கட்கிழமை காலையில் முதல் வறுவலாகக் காபிக்கொட்டையைப் போடச் சொல்லி, போட்டு முடிகிறவரை அனலில் நின்றார். விலை பாக்கெட் பொடியைவிடக் கொஞ்சம்தான் கூட. கொடுக்கும்போது மைதீன், “இன்னைக்கே அரைச்சிராதீங்க சாமி. நாலு நாளு மூச்சு விடட்டும், பொறவு பாருங்க” என்றார். பை சமையலறை அலமாரியில் நான்கு நாளும் உப்பி உப்பி அடங்கிக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் சாம்பசிவன் அரைத்தார், வடிகட்டியில் போட்டார், வெந்நீர் ஊற்றினார். வாசனை தெருக்கோடி கோவில்வரை போயிற்று என்பதற்குச் சாட்சி உண்டு.

பத்மஜா கோட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். நாலரை மணிக்கு பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து இறங்குவாள். அன்றும் அப்படி வந்தாள், ஹாண்ட்பாகை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள், டபராவில் ஆற்றிக் குடித்தாள். “ஏன்னா, கொட்டை எங்கே வாங்கினேள்? பேஷா இருக்கே” என்றாள். உடனே எழுந்துபோய், மூன்று நாளாகக் கட்டில்மேல் கிடந்த துணிகளை மடித்து வைத்தாள். பிறகு ஏணி போட்டுப் பரணைத் துடைத்தாள். அதே நேரத்தில் சாம்பசிவனின் இடது குதிகாலில் ஆணி அடித்ததுபோல ஒரு வலி ஏறியது.

யூரிக் ஆசிட் என்று நினைத்து ரத்தம் கொடுத்துப் பார்த்தார், எல்லாம் சரியாக இருந்தது. மறுநாள் வலது தோள் பிடித்துக்கொண்டது. கையை உயர்த்திக் கரும்பலகையில் எழுதுகிறவர்களுக்கு வருகிற வலி என்று டாக்டர் சொன்னார். சாம்பசிவன் ஆயுளில் கரும்பலகையில் எழுதியதில்லை. வலி மட்டும் வந்தால் பரவாயில்லை. சாயங்காலம் பத்மஜா டம்ளரைக் கீழே வைத்ததும் அவருக்குள் நாளைக்கு என்ன குழம்பு என்கிற கவலை வந்து உட்காரும். காஸ் புக் பண்ணியாச்சா, பால்காரனுக்குச் சொல்லியாச்சா, நாத்தனார் பெண்ணின் சீமந்தத்துக்கு என்ன வாங்குவது என்று வரிசையாக வரும். ஒருநாள் தாங்கமுடியாமல், “பத்மஜா, உறை குத்த மோர் மிச்சம் வச்சிருக்கியோ?” என்று கேட்டே விட்டார். பத்மஜா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “இருக்கு” என்று சொல்லி உள்ளே போனாள்.

விவரம் முழுக்கத் தெரிந்தது வேலைக்கு வருகிற இசக்கிசெல்வியால். அவள் அந்தத் தெருவில் நாலு வீடுகளில் பாத்திரம் தேய்த்துத் துணி துவைக்கிறவள். அக்ரகாரத்து வழக்கப்படி அவளுக்கு எப்போதும் இரண்டாவது டிகாக்‌ஷன்தான், வடிகட்டியில் மறுபடி வெந்நீர் ஊற்றினால் வருவது, சர்க்கரை கூடப் போட்டு, தனியாக ஒரு டம்ளரில். இரண்டாவது டிகாக்‌ஷனில் எதுவும் இடம் மாறுவதில்லை, அது யாருடைய சோர்வையும் தொடாது. பத்மஜா பேப்பர் திருத்தப் போயிருந்த ஒரு காலையில், புதுக் கொட்டையைப் பற்றி நாலு வார்த்தை கேட்க ஆள் இல்லாத குறையில், சாம்பசிவன் அவளுக்கு முதல் டிகாக்‌ஷனிலேயே கலந்து கொடுத்தார். இசக்கிசெல்வி குடித்தாள். காபியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நாலு வீட்டு வேலையையும் பதினோரு மணிக்குள் முடித்துவிட்டுச் சிவகாசிக்குப் போன அக்காவுக்குப் போன் போட்டுச் சிரித்துக்கொண்டே நடந்து போனாள். சாம்பசிவன் கூடத்தில் விழுந்தவர் இரண்டு நாள் எழவில்லை. முட்டி இரண்டும் இற்றுவிட்டதுபோல இருந்தது, விரல் நுனிகள் சோப்புத்தூளில் எரிந்தன, வாடகை வீட்டுக்காரன் என்ன சொல்வானோ என்கிற பயமும் கூடவே வந்து சேர்ந்தது. சொந்த வீட்டுக்காரரான அவருக்கு அந்தப் பயம் புதிது.

எழுந்ததும் நேராக ஆரியசாலைக்குப் போனார். மைதீன் கேட்டுவிட்டு மிளகாய் வற்றலைக் கிளறிக்கொண்டே பேசினார். “நல்ல கொட்டைன்னா அப்படித்தான் சாமி. ஒடம்புச் சடவு எறங்குனா எங்கயாவது போயி உக்காரணும்லா? அதான் நான் கொட்டை வறுக்கதோட சரி. எங்க வீட்டுல காப்பி போடுதது அவதான்.” பிறகு, சிக்கரி கொஞ்சம் தாராளமாகக் கலந்தால் ஒரு தொந்தரவும் இருக்காது என்று ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தார். சாம்பசிவன் வாங்கிக்கொண்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது, மனிதர் அவ்வளவு களைத்திருந்தார். இதற்குள் தன் காபியின் ருசியும் அவருக்குப் பிடிபடாமல் போயிருந்தது. அவரே போட்டு அவரே குடித்தால் சோர்வு வாசல்வரை போய்த் திரும்பி வரும், அவ்வளவுதான்.

சிக்கரி காபி ஒரு வாரம் ஓடியது. குதிகால் வலி போயிற்று, குழம்புக் கவலை போயிற்று, சாம்பசிவன் பழையபடி பேப்பர் படித்தார். நாலரைக்கு பத்மஜா வந்தாள், ஹாண்ட்பாகை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள், குடித்தாள். விளக்கு வைக்கிறவரை அப்படியே உட்கார்ந்திருந்தாள். செருப்பைக்கூட ஒன்றுதான் கழற்றியிருந்தாள். இருபத்தாறு வருஷமாக அவர் பார்த்த காட்சிதான் அது. சாயங்காலத்தில் பத்மஜா இப்படி உட்காருவாள் என்பதற்குமேல் அவர் யோசித்ததில்லை. இப்போது கழற்றாத அந்த இடது கால் செருப்பு ஏன் கழற்றப்படவில்லை என்பது அவருக்குத் தெரிந்தது. அந்தத் தோள் எவ்வளவு கனக்கும் என்பதும், விளக்கை ஏற்றிவிட்டு அவள் சமையலறைக்கு நடக்கப்போகிற பத்தடி எவ்வளவு தூரம் என்பதும் தெரிந்தது. அவருக்கு வெட்கமாக இருந்தது. பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார், ஒரு வரியும் ஓடவில்லை. திங்கட்கிழமை காலையில் மைதீன் கடைப் பின்கட்டில் போய் நின்றார்.

மீண்டும் நல்ல காபி இறங்கியது. சாம்பசிவன் கூடத்தில் தலையணை இல்லாமல் படுத்துக் கிடந்த ஒரு சாயங்காலம் பத்மஜா அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“நீங்க இருங்கோ. இன்னிக்கு உங்களுக்கு நான் ஒரு வாய் காபி போட்டுத் தரேன்.”

“வேண்டாம். நீ போட்டா அது திரும்ப நோக்கே வந்துடும்.”

பத்மஜா புடவைத் தலைப்பைச் சரிசெய்தாள். “நேக்குத் தெரியும். அன்னிக்கு உறை மோர் இருக்கான்னு கேட்டேளே, அப்பவே தெரியும். இத்தனை வருஷத்துல நீங்க அதைக் கேட்டதில்லையே.”

“பின்னே ஏன் சொல்லலை?”

“ரெண்டு நாள் நன்னா இருந்துக்கலாமேன்னு இருந்துட்டேன்” என்றாள். சற்றுக் கழித்து, “தப்பா?” என்று கேட்டாள்.

சாம்பசிவன் இல்லை என்று தலையாட்டினார். அந்தத் தோளோடு தலையாட்டுவதும் ஒரு வேலையாகத்தான் இருந்தது.

அதன் பிறகு அந்த வீட்டில் இதைப் பற்றிப் பேச்சு எழவில்லை. சாம்பசிவன் காபி குடிப்பதை விட்டார், போடுவதை விடவில்லை. அதிகாலையில் அவரே காய் நறுக்கி வைத்தார், ஒழுங்காக நறுக்க ஓணம்வரை ஆயிற்று. பத்மஜாவுக்குக் களைப்பு குறைந்தால் சாயங்காலம் தன் தலையில் விழுவதும் குறையும் என்று கணக்குப் போட்டுத்தான் செய்தார், கருணை என்று சொன்னால் கோபித்துக்கொள்வார். விஷயம் தெரிந்து காபி கேட்டு வந்த தெருக்காரர்களை ஆரியசாலைக்கு அனுப்பிவைத்தார். அவர்கள் ஆளுக்கு அரைக் கிலோ வாங்கிப்போய் யார் போடுவது என்று வீட்டில் சண்டை போட்டுக்கொண்டார்கள், மைதீனும் விலையைக் கொஞ்சம் ஏற்றினார். இசக்கிசெல்வி ஒருநாள் அடுக்களை வாசலில் நின்று, “மாமா, அன்னைக்கித் தந்த காப்பி இருந்தா தாங்க. முட்டு நோவுது” என்று கேட்டாள். தினமும் கொடுக்கத் தெம்பில்லை என்று சாம்பசிவன் உள்ளதைச் சொன்னார். வெள்ளிக்கிழமை தோறும் கொடுப்பதென்று ஏற்பாடாயிற்று. டம்ளரைப் பற்றியும் அன்றே தீர்மானமாயிற்று, தனி டம்ளர் மாடத்தில் கொத்தமல்லி விதை போட உதவியது. சனிக்கிழமைகளில் சாம்பசிவனைப் பார்க்க யாரும் வரக்கூடாது என்பது தெருவில் எல்லோருக்கும் தெரியும்.

மறு வருஷம் துலா மாதத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஸ்டாஃப் ரூம் டீச்சர்கள் ஒன்பது பேர் வேன் வைத்துக்கொண்டு பொன்முடி மலைக்குப் போனார்கள். கூப்பிட்டபோதெல்லாம் ஏதாவது சொல்லித் தட்டிக்கழிக்கிற பத்மஜா இந்த முறை போனாள். இருட்டுகிற நேரத்தில் தலைமுடி கலைந்து, புடவைக் கரையில் புல் ஒட்டி வந்து இறங்கினாள். சாம்பசிவன் காபியைக் கொடுத்துவிட்டுப் பாயை விரித்தார். குதிகாலுக்குக் கீழே மடித்த துண்டை வைத்து, தோளுக்கு வாகாகச் சுவரோரம் சாய்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார். அவள் டம்ளரை வைத்த சத்தம் கேட்டது.

குதிகால் வலிக்கவில்லை. கெண்டைக்கால் இரண்டும் மேடு ஏறியதுபோல இதமாகக் கடுத்தன. முகத்தில் குளிர்காற்று அறைந்த எரிச்சல் இருந்தது. குழம்பு, காஸ், பால் எதுவும் வரவில்லை. பிறகு கன்னங்கள் இரண்டும் வலிக்கத் தொடங்கின. அது என்ன வலி என்று அவருக்கு முதலில் பிடிபடவில்லை, தாடையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். நாள் முழுக்கச் சிரித்தால் வருகிற வலி அது. பத்மஜாவுக்கு அப்படிச் சிரிக்க வரும் என்று அவருக்குத் தெரியாது. அவள் உள்ளே துணி மாற்றிக்கொண்டிருந்தாள். சாம்பசிவன் அந்த வலி கலைந்துவிடக் கூடாது என்று பாயில் அசையாமல் படுத்திருந்தார்.