நொண்டி நடித்த சனிக்கிழமை

ஏப்ரல் பாதி கடந்தால் தென்னாப்பிரிக்காவில் இலையுதிர் காலம்; எங்கள் பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாவரப் பூங்காவில் பிளேன் மரங்களின் இலைகள் பழுத்துவிடும். நடைபாதையின் இரண்டு பக்கமும் அவை வரிசையாக நிற்கும். கால் வைத்த இடமெல்லாம் சருகு. அந்தப் பூங்காவிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான் ஆறு வருஷம் வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் செய்துகொண்டேன். ஒரு நாளும் உள்ளே போனதில்லை. ஊசி கழற்றிய பிறகு பஸ் நிறுத்தம் வரை நடப்பதே எனக்குப் பெரிய பயணம்.

ஜனவரிக் கடைசியில் டர்பனில் எனக்கு மாற்றுச் சிறுநீரகம் வைத்தார்கள். கொடுத்தவர் கேத்திவே அக்கா, என் வீட்டுக்காரரின் மூத்த சகோதரி.

அக்காவும் நானும் ஒன்பது வருஷம் முகம் பார்க்காதவர்கள். என் கணவர் தூலானி இறந்தபோது, சொந்த ஊர் மலையில் தங்கள் அப்பாவின் கல்லறைக்குப் பக்கத்தில் புதைக்க வேண்டும் என்றார் அக்கா. பிள்ளைகள் அடிக்கடி போய்வர வசதியாக நான் நகரத்துக் கல்லறையில் புதைத்தேன். "என் தம்பியை அநாதையாக்கிட்டே" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டுப் போனவர்தான். பிறகு என் நோயைப் பற்றி யாரோ தேவாலயத்தில் சொல்லக் கேட்டு, எனக்குத் தெரியாமலே போய் ரத்தம் கொடுத்துப் பரிசோதித்துக்கொண்டார். பொருந்தியது. ரத்த சொந்தம் இல்லாததால் அனுமதித் தாள்களுக்கே ஐந்து மாதம் ஆனது. அத்தனை மாதமும் ஒவ்வொரு அலுவலகத்துக்கும் அவரே அலைந்தார்.

ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் நன்றி சொல்ல வாயெடுத்தேன். "பேசாதே, தையல் பிரிஞ்சிடும்" என்று தடுத்துவிட்டார். அதற்குப் பிறகும் எப்போது ஆரம்பித்தாலும் பேச்சை மாற்றிவிடுவார்.

மூன்று மாதம் கழித்து டாக்டர் இரண்டு பேரையும் நடக்கச் சொன்னார். முதல் சனிக்கிழமை பூங்காவுக்குப் போனோம். அக்காவுக்கு ஐம்பத்தேழு வயது, கனத்த உடம்பு, முழங்கால் வலி வேறு. நான் எட்டு வயது இளையவள். வாசலிலிருந்து பத்தடி போவதற்குள் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. என் கால்கள் தாமாகவே முன்னே போகின்றன. மூச்சு வாங்கவில்லை. அக்காதான் பின்னால் புஸ்புஸ்ஸென்று வருகிறார்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. கொடுத்தவர் தள்ளாட, வாங்கினவள் வீச்சு நடை போடுவதா? காலைக் கொஞ்சம் இழுத்தேன். குளம் வரை அப்படியே நொண்டினேன்.

"என்னடி ஆச்சு காலுக்கு?"

"ஒண்ணுமில்லேக்கா, லேசா இழுக்குது."

வழியில் குழாய் இருந்தது. வாய் வைத்துக் குடித்தேன், வயிறு நிறையக் குடித்தேன். ஆறு வருஷமாக ஒரு நாளைக்கு அரை லிட்டர்தான் என் கணக்கு. தாகத்துக்கு ஐஸ் கட்டியைச் சப்பிக்கொண்டு கிடந்தவள். இப்போது தினம் மூன்று லிட்டர் குடி என்கிறார்கள்.

கால் மணி நேரத்தில் அவசரமாகக் கழிப்பறை தேட வேண்டியதாயிற்று. திரும்பி வந்தபோது அக்கா பெஞ்சில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

"வேலை செய்யுதா?"

"ரொம்ப நல்லா செய்யுதுக்கா."

"செய்யாம? யாரோடது! எங்க வீட்டுல யாரும் சோம்பேறி கிடையாது, உன் புருஷனைத் தவிர."

தூலானியைப் பற்றி ஒன்பது வருஷத்தில் முதல்முறையாக எங்களுக்குள் சிரிப்போடு பேசினோம். அவரே சொன்னார்: "செத்தவனுக்காக இத்தனை வருஷம் அடிச்சுக்கிட்டோம் தொபேகா. நீ சாகக் கிடக்கேன்னு கேட்டதும், இனி சண்டை போடக்கூட ஆளில்லாமப் போயிடுமேன்னு பயந்துட்டேன்."

எழுந்து மறுபடி நடந்தோம். நான் மறுபடி நொண்டினேன். மர வரிசையின் நடுவில் அக்கா சட்டென்று நின்றார்.

"அடியே, முதல்ல இடது கால் நொண்டிச்சு. இப்ப வலது கால் நொண்டுது. ஏதாவது ஒண்ணுன்னு முடிவு பண்ணிக்கோ."

மாட்டிக்கொண்டேன். "உங்களை விட்டுட்டு நான் முன்னாடி போறது நல்லாவா இருக்கு?" என்றேன்.

அவர் முகம் மாறியது. "என் உடம்பைக் கிழிச்சு எடுத்துக் குடுத்தது உன்னை நொண்ட வைக்கவா? நீ எப்படி நடக்கிறேன்னு பாக்கத்தானே இந்த முழங்காலைத் தூக்கிக்கிட்டு வந்தேன்! ஓடு."

"இங்கேயா? எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். ஓடுங்கிறேன்ல!"

ஓடினேன். நாற்பத்தொன்பது வயதுக்காரி, தலைத்துணி அவிழ, பாவாடையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, சருகு பறக்க ஓடினேன். தள்ளுவண்டியோடு வந்த ஒரு தம்பதி ஒதுங்கி வழிவிட்டார்கள். பின்னாலிருந்து அக்கா குலவையிட்டார், கல்யாண வீட்டில் பெண் உள்ளே வரும்போது இடுகிற அதே குலவை. பூங்காவே திரும்பிப் பார்த்தது. வெகுதூரமில்லை, இருபது மரம் இருக்கும். கடைசி மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றபோது நெஞ்சு படபடத்தது. ஆனால் அது நோயின் படபடப்பு இல்லை. ஓடியதால் வந்தது. அந்த வித்தியாசமே எனக்கு மறந்துபோயிருந்தது.

திரும்பி வந்து, சருகுக்கு மேலேயே அவர் முன்னால் மண்டியிட்டேன். இரண்டு கைகளையும் குவித்தேன்.

"அக்கா, இன்னிக்காவது சொல்ல விடுங்க."

பக்கத்து மரத்தில் கையை ஊன்றிக்கொண்டார். "சரி, சொல்லு."

சொன்னேன். தண்ணீருக்கு, பசிக்கு, தூங்கி எழுகிற காலைகளுக்கு, என் பிள்ளைகளின் பேரைச் சொல்லி ஒவ்வொருவருக்காகவும் சொன்னேன். அவர் இடைமறிக்கவே இல்லை. முடிந்ததும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "ம், கேட்டுக்கிட்டேன். எழுந்திரு, தரை ஈரம்" என்றார்.

அவித்த ரொட்டியும் கோழியும் கொண்டுவந்திருந்தேன். வெயிலில் உட்கார்ந்து சாப்பிட்டோம். பெரிய துண்டை அவர் தட்டில் வைத்தேன், மறுக்காமல் எடுத்துக்கொண்டார். பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். இறங்கும் இடம் வந்தும் எழுப்ப மனமில்லை. இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கி, அவர் கையைப் பிடித்தபடி மெல்லத் திரும்பி நடந்தோம்.