நாற்பத்து மூன்று நகல்கள்

செந்தில்வேல் தன் அக்காவிடம் கடைசியாகக் கேட்டது கறுப்பு இன்சுலேஷன் டேப். மேசை இழுப்பறையில் கிடக்கிறது என்று சண்முகத்தாய் தலை நிமிராமல் சொன்னாள், எடுத்துக்கொண்டு போனான். அன்று மதியம் சாயர்புரம் பக்கம் ஒரு கோயில் வாசலில் ஹார்ன் ஸ்பீக்கர் கட்ட ஏறிய வேப்பமரத்தில் கிளை முறிந்து, விழுந்து இறந்தான். அதற்கு நாற்பத்தைந்தாம் நாள், ஒரு புதன்கிழமை காலை பத்தே முக்காலுக்கு, திரேஸ்புரம் தொடங்கிக் குலசேகரன்பட்டினம் வரை நாற்பத்தோரு ஊர்களில் ஒரே ஒரு பாட்டு மட்டும் யார் காதிலும் விழாமல் போனது.

அந்தப் பாட்டை அழித்தவள் சண்முகத்தாய்தான். துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் பதினாறு வருஷமாக வேலை பார்க்கிறாள். ஒரே கன்டெய்னர் எண் பட்டியலில் இரண்டு தடவை வந்தால் சரக்கு வெளியே போகாது. அதனால் எதைப் பார்த்தாலும் இரண்டாவதைத் தேடி அடிப்பது அவளுக்குக் கைப்பழக்கம். தம்பி விட்டுப்போனது மைக்செட் சாமான்களும் அறுபத்தோராயிரம் பாட்டு அடங்கிய ஒரு ஹார்ட் டிஸ்க்கும். அந்த டிஸ்க் பல்லி சொல்வதுபோல் சத்தம் போட ஆரம்பித்திருந்தது. அவனோடு தொழில் பார்த்த பாண்டித்துரை கேட்டுவிட்டு, "யக்கா, இது தை பொறக்குமுன்ன செத்துரும். கிளவுடுல ஏத்திரு. ஆளத்தான் காப்பாத்த முடியல," என்றான். ஏற்றுவதற்கு முன் ஒழுங்குபடுத்திவிடுவோம் என்று அவள் உட்கார்ந்தாள். செந்தில்வேல் படத்தின் பெயரிலோ பாடியவர் பெயரிலோ எதையும் வைத்திருக்கவில்லை. ஊருக்கு ஒரு ஃபோல்டர். உள்ளே பாட்டுக்குப் பெயர், அது ஒலிக்க வேண்டிய நேரம். 'தீச்சட்டி திரும்பி வாரப்ப', 'மாப்பிள கோவம் தீந்த பொறவு', 'மூணாம் பந்தி'. நாகஸ்வரத்தில் தொடங்கிப் பெண் குரலில் முடியும் ஒரு பழைய பாட்டு நாற்பத்து மூன்று ஃபோல்டர்களில் நாற்பத்து மூன்று பெயரில் கிடந்தது. ஏரல் ஊர் ஃபோல்டரில் இருந்ததை வைத்துக்கொண்டு மற்ற நாற்பத்திரண்டையும் குப்பைத்தொட்டிக்குக்கூடப் போகாதபடி அழித்தாள். அழிப்பதற்குமுன் அலுவலகப் பழக்கத்தில் ஃபோல்டர் பெயர்களை மட்டும் பிரின்ட் எடுத்தாள். பாட்டின் பெயர்களை எடுக்கவில்லை. ஒரே பாட்டுக்கு எதற்கு அத்தனை பெயர் என்று நினைத்தாள்.

வெள்ளிக்கிழமை குரும்பூரிலிருந்து கோயில் கொடை விழாக் கமிட்டி சுடலைக்கண்ணு போன் செய்தார்.

"ஏம்மா, ஒந் தம்பி போடுத அந்த நாகஸ்வரப் பாட்டு எங்கூர்ல கேக்க மாட்டக்கு."

"ஸ்பீக்கர் கோளாறா இருக்கும் அண்ணாச்சி."

"ஸ்பீக்கர விடு. எம் பொண்டாட்டி அதப் பாடுனாலும் வாய்தான் அசையுது. மத்த நேரம்லாம் அவ சத்தம் நல்லாத்தான் கேக்கு. வேண்டாம்னாலும் கேக்கு."

மினிபஸ்ஸில் அந்தப் பாட்டு ஓடினால் ஊர்ப் பலகையைத் தாண்டியதும் நின்று, இரண்டு ஸ்டாப்பு கழித்து, ஓடியிருக்க வேண்டிய இடத்திலிருந்து மறுபடி கேட்டது. டிரைவர்கள் இரண்டு நாள் வயரைக் குடைந்தார்கள், பிறகு விட்டுவிட்டார்கள். ஏரலில் மட்டும் எப்போதும்போல் கேட்டது. சண்முகத்தாய் பிரின்ட் எடுத்த தாளை எடுத்துப் பார்த்தாள். கேட்காத ஊரெல்லாம் அதில் இருந்தது.

அதற்குமேல் எதையும் அழிக்காமல், கிளவுடில் கூடுதல் இடம் வாங்கி, டிஸ்க்கை அப்படியே ஏற்றினாள். பதினொரு நாள் ஆனது. எல்லாம் ஏறிய பிறகும் திரையில் 'மிச்சம் 42' என்று நின்றது. அன்றிலிருந்து அவளால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. அலுவலகத்தில் மேசைக்கடியில் கால் ஆடிக்கொண்டே இருந்தது. சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்துபோவாள். ஞாயிற்றுக்கிழமை ஏரல் நகலைப் பென்டிரைவில் போட்டுக்கொண்டு குரும்பூர் போனாள். போட்டால் சத்தமில்லை. கோயில் மதிலோரம், மைக்செட் வயரைச் செருகிய லேப்டாப்பை மடியில் வைத்து, அங்கேயே புதிதாக ஒரு நகல் எடுத்து, "இத எப்ப அண்ணாச்சி போடுவான்?" என்று கேட்டாள். சுடலைக்கண்ணு யோசித்தார். "சாமிக்குப் படச்ச படப்பு சோறு எறக்குனப்பொறவு, பிள்ளைய தட்டத் தூக்கிட்டு ஓடி வரும்லா, அப்ப." அவள் அதையே பெயராக அடித்து என்டர் தட்டியதும் மரத்திலிருந்த ஹார்னில் நாகஸ்வரம் எழுந்தது. யாரும் ஆச்சரியப்படவில்லை. ஒரு அம்மா சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கச் சொன்னாள். கிளவுடில் மிச்சம் நாற்பத்தொன்று ஆனது.

இப்படி ஒன்றேமுக்கால் வருஷம் பஸ் ஏறினாள். ஓட்டப்பிடாரத்தில் அது மொய் எழுதி முடிந்த பிறகு. திரேஸ்புரத்தில் மீன்பிடிப் படகு கரைக்கு வந்து ஆள் எண்ணிக்கை சரியான பிறகு. ஆறுமுகநேரியில் இரண்டு தெருக்காரர்கள் இரண்டு நேரம் சொல்லிச் சண்டைபோட்டார்கள், இரண்டுமே பலிக்கவில்லை. பூக்கட்டும் பேச்சிச்செல்வி, "எல்லாரும் போனப்பொறவு, பந்தல் பிரிக்கப்ப போடுவான். நாந்தான் இருப்பேன்," என்றாள். அதுதான் சரி. பதினேழாவது ஊர் முடிந்த வாரம் டிஸ்க் செத்தது. பாண்டித்துரை கிளவுடிலிருந்து இறக்கித் தொழிலை நடத்தினான்.

கடைசியில் நின்றது தாளின் அடியில் இருந்த 'வீடு'. ஒரே ஒரு நகல் இருந்த ஃபோல்டர். அந்த வீட்டுக்குள் பாட்டு கேட்பதில்லை. டிவியில் வந்தால் உதடு மட்டும் அசையும்.

"வீட்டுல எதுக்கும்மா இத வச்சிருந்தான்?"

அம்மா அருணாசலவடிவு சாளை மீனைச் செதில் உரசிக்கொண்டிருந்தாள். "எனக்கென்னளா தெரியும். கேட்டாப் பதில் சொல்லுத பிள்ளையா அது?"

'அப்பா படத்துக்கு மாலை மாத்தும்போது' என்று அடித்தாள். 'கரன்ட் வந்த பொறவு' என்று அடித்தாள். 'அம்மா மீன் கழுவும்போது' என்றும் அடித்தாள். ஸ்பீக்கர் சும்மா இருந்தது.

"ஒங் கலியாணத்துக்குன்னு போட்டிருப்பான். எழுதிப் பாரு."

சண்முகத்தாய்க்கு முதலில் தோன்றியதே அதுதான், தள்ளிவைத்திருந்தாள். அடித்து என்டர் தட்டினாள். அதுவும் பலிக்கவில்லை.

"நல்லதாப் போச்சு," என்றாள் அம்மா. "அந்தக் கவலையில்லாமப் போயிருக்கான்."

இப்போது அவள் அடித்துப் பார்த்த பெயர்கள் இருநூற்றுப் பதினெட்டு. நேரம் கிடைக்கும்போது இன்னொன்று அடிக்கிறாள். தெருவில் கல்யாண ஊர்வலம் போனால் பாட்டு கேட் வரை வந்து அடங்கிவிடும். அம்மாவுக்குக் கேட்க வேண்டுமென்றால் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய் நின்று, முடிந்ததும் உள்ளே வருவாள். மிச்சம் என்று காட்டுகிற அப்படி ஒரு கோப்பே இல்லை, நிறுத்து என்ற பொத்தானை அழுத்தினால் வேலை முடிந்துவிடும் என்று கிளவுடுக்காரர்கள் மெயில் அனுப்பினார்கள். நன்றி என்று பதில் போட்டாள். லேப்டாப் இரண்டு தடவை மாறிவிட்டது, பாஸ்வேர்டும் மாறியது, போன வருஷம் வீட்டுக்கு வேறு இன்டர்நெட் வந்தது. மிச்சம் ஒன்று.