தண்டவாளத் துண்டு

ஏசுரத்தினத்துக்குக் கொடுத்திருந்தது பழைய டிக்கெட் அறை. பத்து வருஷம் ஸ்டேஷன் மாஸ்டராக அவர் உட்கார்ந்து எழுதிய மேஜையின் இடத்தில் இப்போது ஒரு கட்டில் கிடந்தது. டிக்கெட் கொடுக்கும் சின்ன ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை மாட்டியிருந்தார்கள். காலையில் அந்தத் திரையை விலக்கிக்கொண்டு ஒரு கை காப்பி டம்ளரை உள்ளே நீட்டியது. அந்த ஜன்னலில் வெளியே நீட்டித்தான் அவருக்குப் பழக்கம். உள்ளே வருவதை எப்படி வாங்குவது என்று தெரியாதவர் போலச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சூடா இருக்கு, விளிம்பப் பிடிங்க" என்றாள் வெளியே நின்ற சமையல்காரி மாரித்தாய்.

ஏழு வருஷத்துக்கு முந்திய வெள்ளத்துக்குப் பிறகு தேயிலைக் கம்பெனி ரயிலை மறுபடி போடவில்லை. தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டு அதே பாதையில் லாரி ஓட்டினார்கள். ஸ்டேஷன் மட்டும் கல்கட்டடம் என்பதால் நின்றது. அதற்கு வெள்ளையடித்து, பிளாட்பாரத்தில் ரோஜாத் தொட்டிகள் வைத்து, மலைக்கு வருகிறவர்கள் தங்கும் பங்களாவாக்கிவிட்டார்கள். மீன் பிடிக்க வந்த இரண்டு துரைமார் வெயிட்டிங் ரூமில் இருந்தார்கள். ஏசுரத்தினம் பாதிரியார் கொடுத்த சீட்டைக் காட்டி, இரண்டு நாளைக்கு இடம் வாங்கி வந்திருந்தார். பங்களாப் புத்தகத்தில் இப்போதைய ஊரையும் வேலையையும், 'பெருமாட்டி, வாத்தியார்' என்று மட்டும் எழுதினார். பேர் எழுதவில்லை.

ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகத்தான் வந்திருந்தார். போன மாதம் சித்தூர்ச் சந்தையில், மலையிலிருந்து ஏலக்காய் மூட்டை கொண்டுவந்த சகாயத்தைப் பார்த்தார். பேச்சோடு பேச்சாக, போர்ட்டர் சின்னமுத்துவின் தாய் மயிலாத்தாள் இன்னும் கூலிக்காரர்களின் வரிசை வீடுகளான லயத்தில்தான் இருக்கிறாள் என்றான் சகாயம். அடுப்புக்கு நெருப்புக் கேட்டால்கூட ஒரு வீட்டிலும் கொடுப்பதில்லையாம். அவள் மகன் குடித்துவிட்டு மணி அடித்துத்தான் வெள்ளத்தில் அத்தனை பேரும் செத்தார்கள் என்று லயமே சொல்கிறதாம். அன்றிலிருந்து ஏசுரத்தினத்துக்குச் சோறு இறங்கவில்லை.

மணி என்று சொல்வார்களே தவிர அது முழங்கை நீளத் தண்டவாளத் துண்டு. கம்பியில் கட்டித் தொங்கும். கீழ் ஸ்டேஷனிலிருந்து வண்டி புறப்பட்டதாகப் போன் வந்ததும் சின்னமுத்து இரும்புக் கோலால் அதை அடிப்பான். ஓடைக்கு அக்கரை மேட்டில் இருக்கிற லயத்திலிருந்து சுமை தூக்குகிறவர்கள் பாலத்தைக் கடந்து ஓடிவருவார்கள். வண்டி வருவதற்குள் பிளாட்பாரத்தில் நிற்காதவனுக்கு அன்று முழுப் பேர் கிடையாது, அரைப் பேர், அதாவது பாதிக் கூலிதான். ஏசுரத்தினத்தின் வீடும் லயத்தை ஒட்டி அக்கரையில்தான் இருந்தது. மணி கேட்டதும் அவர் மனைவி செபமாலையம்மாள் கூஜாவில் காப்பியை ஊற்றிக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

அந்த ஆடியில் மூன்று வாரம் மழை நிற்கவில்லை. ஒருநாள் காலை மேல் ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. மலை சரிந்து ஓடையை அடைத்திருந்ததாம், தேங்கிய தண்ணீர் இப்போது உடைத்துக்கொண்டதாம், ஆட்களை மேட்டுக்கு ஏற்றச் சொன்னார்கள். அத்தோடு போன் செத்துவிட்டது. சின்னமுத்து வளைவில் பாதையைப் பார்க்கப் போயிருந்தான். ஏசுரத்தினம் தாமே கோலை எடுத்தார். இந்த மழையில் வண்டி வராதென்பது எல்லாருக்கும் தெரியும், விடாமல் அடித்தால் ஏதோ ஆபத்து என்று லயத்துக்கு மேலே தேயிலைக்குள் ஏறிவிடுவார்கள் என்று நினைத்தார். பத்து வருஷமாக அந்தச் சத்தத்துக்கு ஓடிவந்த கால்களை அவர் நினைக்கவில்லை.

வந்தார்கள். தலையில் சாக்கைக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு, இவ்வளவு நேரம் அடிக்கிறார்களே, பெரிய லோடுபோல என்று வந்தார்கள். அவர் கையை வீசி, போ போ என்று கத்தினார். கை வீசுவதைப் பார்த்தவர்கள் இன்னும் வேகமாக ஓடினார்கள். பதினான்கு பேர் பாலத்தில் இருந்தபோது தண்ணீர் வந்தது. அவர்களில் கடைசியாக, கூஜாவை முந்தானையால் மூடிக்கொண்டு செபமாலையம்மாள். வளைவில் நின்ற சின்னமுத்துவும் போனான்.

லயத்தை வெள்ளம் தொடவில்லை. ஒரு தகரம்கூட அசையவில்லை.

வெள்ளத்தில் அடிபட்டு அவர் கிடந்த ஆஸ்பத்திரிக்கு விசாரணைக்கு வந்த அதிகாரி, மணி அடிப்பது யார் வேலை என்று கேட்டார். போர்ட்டர் வேலை என்றார் ஏசுரத்தினம். அது உண்மைதான். அன்று அடித்தது யார் என்று அதிகாரி கேட்கவில்லை. எழுதிய தாளை நீட்டினார், இவர் கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகு மலைப்பக்கம் வரவேயில்லை. ஏழு வருஷம்.

மதியம் அறைக்குள் இருந்தபோது அந்தச் சத்தம் கேட்டது. மூன்றே அடி. அவர் கட்டில் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டார். அப்புறம் பின்பக்கம் போய்ப் பார்த்தார். சமையல்கட்டுத் தாழ்வாரத்தில் அதே துண்டு தொங்கிக்கொண்டிருந்தது, எண்ணெய் தடவிக் கறுப்பாக. இன்னும் லேசாக ஆடியது.

"துரைமாருக்கு மணி அடிச்சாத்தான் பசிக்கும். நமக்குத்தான் வயிறே அடிச்சுச் சொல்லுது" என்று சிரித்தாள் மாரித்தாய்.

அவர் அக்கரையைப் பார்த்தார். லயத்தில் எல்லாக் கதவும் திறந்திருக்க, ஐந்தாவது கதவு மட்டும் மூடிக்கொண்டிருந்தது. சத்தமில்லாமல், உள்ளே இருந்து ஒரு கை இழுப்பது தெரிந்தது.

"அது மயிலாத்தா. மணிச் சத்தம் கேட்டா உள்ள போயிக் கதவச் சாத்திக்கிரும். வெளிய நின்னா யாராச்சும் ஏசுவாக. மத்தியானம் ஒருக்க, டீக்கு ஒருக்க."

ஏசுரத்தினம் சாப்பிடாமல் பிளாட்பாரத்தில் மேலும் கீழும் நடந்தார். நாலு மணிக்குச் சற்று முன்பு மறுபடி சமையல்கட்டுக்கு வந்தார். மாரித்தாய் ரொட்டி அறுத்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு சொல்லணும்" என்றார்.

"சொல்லுங்க, ஸ்டேஷன் ஐயா."

அவர் கை தானாக ஏழு வருஷமாக வளர்ந்த தாடியைத் தொட்டது.

"நேத்து ராத்திரியே தெரியும். புதுசா வர்றவுக எல்லாரும் அந்த உள்வாசல்ல நெத்திய இடிச்சுக்கிருவாக. நீங்க குனிஞ்சு வந்தீக."

சொல்ல வேண்டியதைப் பஸ்ஸிலும் லாரியிலும் நூறு முறை சொல்லிப் பார்த்திருந்தார். வாய்க்கு வந்தது கொஞ்சம்தான். "அன்னைக்கு அடிச்சது சின்னமுத்து இல்ல, மாரித்தாய். நான்தான்."

ரொட்டி அறுத்த கை நின்றது. பிறகு மெதுவாக, அந்தத் துண்டத்தை மட்டும் அறுத்து முடித்தது. பாலத்தில் போன பதினான்கு பேரில் அவள் புருஷன் குருசாமி ஒருவன், மகள் ராமுத்தாய் ஒருத்தி.

"அவரு சாப்பிட உக்காந்திருந்தாரு. கை கழுவாம எந்திரிச்சு ஓடுனாரு. மகளும் பின்னாலயே. நான் காச்சல்ல கெடந்தேன்" என்றாள். "எத்தன அடி அடிச்சீக?"

"எண்ணல."

"நான் எண்ணினேன். படுத்துக் கெடந்தவளுக்கு வேற என்ன வேல. நாப்பத்தாறு. அப்புறம் நின்னுபோச்சு."

"மேல ஏறிப் போயிருவீகன்னு நெனச்சேன்."

"மணி அடிச்சா மேல ஏறுன்னு எங்களுக்கு எப்ப ஐயா சொல்லிக் குடுத்தீக?"

அதில் கோபம் இருந்திருந்தால் அவர் தாங்கியிருப்பார். அவள் தெரிந்துகொள்ளக் கேட்பவள் போலத்தான் கேட்டாள். கத்தியைத் துடைத்துக் கீழே வைத்தாள்.

"எங்கிட்டச் சொல்லி என்ன. அந்தா இருக்கு, அஞ்சாவது கதவு. நானும்தான் ஏழு வருசமா அவளுக்கு நெருப்புக் குடுத்ததில்ல." முகத்தை அடுப்புப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அவர் இறங்கினார். ஓடைக்கு இப்போது இரும்புப் பாலம். கால் வைத்ததும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார், ஏன் என்று அவருக்கே தெரியவில்லை. கீழே முழங்கால் அளவுகூடத் தண்ணீர் இல்லை. கல்லுக்குக் கல் தாவி ஓடியது. பாதி தூரத்தில் அவர் கால் நின்றது. அன்று செபமாலையம்மாளின் கூஜா வந்த இடம் அது.

பங்களாவிலிருந்து துரையின் குரல் டீ கேட்டது. மறுபடியும் கேட்டது. ஏசுரத்தினத்தின் முதுகு அந்த மூன்று அடிக்காகக் குறுகியது. வரவில்லை. திரும்பிப் பார்த்தார். தாழ்வாரத்தில் மாரித்தாய் இரும்புக் கோலைக் கையில் பிடித்தபடி, துண்டுக்குப் பக்கத்தில், அடிக்காமல் நின்றுகொண்டிருந்தாள்.

அக்கரையில் ஐந்தாவது கதவு திறந்திருந்தது. வாசலில் முறத்தில் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்த கிழவி, மணி அடிக்கும் நேரம் தாண்டியும் சத்தம் வராததில் நிமிர்ந்து, முறத்தை மடியிலேயே பிடித்துக்கொண்டு, பாலத்தின் நடுவில் வெறுங்காலோடு நிற்கும் மனிதனைப் பார்த்தாள்.