ஏழாம் டப்பா

வீடு வீடாய்ப் போய் ரேடான் அளப்பவருக்கு ஒரு வசனம் மனப்பாடம். "மண்ணுக்குள்ளேருந்து வர்ற வாயுங்க. நிறமில்ல, வாசனையில்ல. வருஷக்கணக்கா சுவாசிச்சா நுரையீரலுக்கு ஆகாது. ஆனா பயப்படாதீங்க." அதுவரை சும்மா இருந்தவர்கள் கடைசி வார்த்தையில்தான் பயப்படுவார்கள். உடனே ஓடிப்போய் ஜன்னலைத் திறப்பார்கள். "இந்தக் கரி டப்பா திறந்திருக்கிற ரெண்டு நாளும் ஜன்னல் மூடியிருந்தாத்தாங்க அளவு சரியா வரும்!" என்று இவர் எரிந்து விழுவார்.

அன்று காலை ஆய்வுக்கூடத்திலிருந்து முடிவு வந்தது. ஆறு டப்பாக்கள் சமர்த்து, எல்லாம் நூறுக்குள். ஏழாவது மட்டும் தொள்ளாயிரம். முந்நூறைத் தாண்டினாலே தரையைத் துளைத்துக் குழாய் போடச் சொல்வார்.

"எந்த வீடோ, பாவம்" என்று நோட்டைப் புரட்டினார். ஏழு: திறக்காதது. ஒப்பிட்டுப் பார்க்க மூடியபடியே அனுப்பும் டப்பா. எந்த வீட்டுக்கும் போகாதது. இவர் வீட்டு நிலவறையில், மகள் படுக்கும் அறை அலமாரியில் இருந்தது.

நோட்டோடு நிலவறைக்கு இறங்கினார்.

"பாப்பா, அலமாரியில இருந்த டப்பாவைத் தொட்டியா?"

"திட்டக் கூடாது" என்றாள் மகள். "வாசனையே வராதும்பீங்கல்ல, திறந்து மோந்து பாத்தேன். நெசமாவே வரல. அப்படியே விட்டுட்டேன். நீங்க கேட்டப்பதான் மூடிக் குடுத்தேன்."

"எத்தனை நாள்?"

"ரெண்டு."

"ஜன்னல்?"

"மூடித்தான் இருந்துச்சு. ஊருக்கே சொல்றீங்களே." சிரித்தவள், அவர் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். "அப்பா... நான் மூணு வருஷமா இங்கதான படுக்குறேன்?"

வசனத்துக்கு வாயைத் திறந்தார். "மண்ணுக்குள்ளேருந்து" வரைக்கும் வந்தது. மீதியை விட்டுவிட்டு மெத்தையைச் சுருட்டினார்.

அடுத்த பத்து நிமிடத்தில் மெத்தை மாடிக்குப் போனது. நிலவறை ஜன்னல்கள் இரண்டும் படார் படாரென்று திறந்தன.

"ஒரு டப்பாவை நம்பி முடிவுக்கு வராதீங்கன்னு ஊருக்கெல்லாம் சொல்வீங்க" என்றாள் மனைவி. புதுசு ஒன்றை அவர் கையில் திணித்தாள். "இன்னொண்ணு வைங்க."

"வைக்கணும்."

"ஜன்னலை மூடணும்ல?"

"மூடணும்."

ஒன்றை மூடினார். இரண்டாவதைப் பாதி மூடினார். மாடியில் மெத்தையைத் தட்டும் சத்தம். பிறகு ஓர் இருமல். ஒன்றே ஒன்று.

"தூசிப்பா!" என்று மேலிருந்து மகள் கத்தினாள், யாரும் கேட்காமலே.

அளப்பவர் இரண்டு ஜன்னல்களையும் மறுபடி அகலத் திறந்தார்.